சுங்கை சிப்புட்டில் சித்தப்பா வீடு: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், கிள்ளானில் இருக்கும் என் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். நாத்தனார் பிள்ளைகள், சிங்கப்பூர் அத்தை மகன், போன வருடம் திருச்சியிலிருந்து வந்த சம்பந்தி என்று எல்லாருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கும் தோட்டப்புறத்தில் இப்படி ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருந்தால், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அது தோட்டமா, பண்ணையா, கம்பமா (கிராமமா)?

திருச்சி சம்பந்தி கேட்டது இது. தோட்டம் என்றதும் அவர் கத்தரிச் செடியையும் மல்லிகைப் பந்தலையும் நினைத்துக்கொண்டார். மலேசியாவில் தோட்டம் என்றால் எஸ்டேட்: கம்பெனிக்குச் சொந்தமான, ஆயிரக்கணக்கான ஏக்கர் பால்மரமோ (ரப்பர்) செம்பனையோ (எண்ணெய்ப் பனை) உள்ள இடம். என் தாத்தா அப்படி ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்.

சித்தப்பா இருப்பது அந்தத் தோட்டத்தின் எல்லையை ஒட்டிய நாலு ஏக்கர் சொந்த நிலம். மூன்று ஏக்கரில் செம்பனை, ஏறக்குறைய 170 மரம். மீதியில் வீடு, மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பட்டி, சித்தியின் காய்கறிப் பாத்தி, ஆறு டுரியான் மரம் (முள் தோலும் பலத்த வாசமும் உள்ள பழம்), பின்னால் ஓடையோரம் தாத்தா காலத்துப் பால்மரம் நாற்பது. பண்ணை என்று சொன்னால் சித்தப்பாவே சிரிப்பார். நாங்கள் 'சித்தப்பா காடு' என்றுதான் சொல்வோம்.

எப்படிப் போவது?

கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது. ஆனால் எல்லா ரயிலும் நிற்பதில்லை, பயணச்சீட்டு வாங்கும்போது நிலையத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். காரில் வந்தால் ஈப்போவில் இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையைப் பிடியுங்கள். ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் சிக்கல். அது தோட்டத்துச் செம்மண் பாதை, நுழைவாயிலில் கட்டை போட்டுக் காவலாளி இருப்பார். யார் வீட்டுக்கு என்று சொன்னால் விடுவார். கைப்பேசி காட்டும் வழியை அங்கே நம்ப வேண்டாம், அது உங்களைச் செம்பனை நிரைக்குள் கூட்டிப் போய் ஓடைக்கரையில் நிறுத்தும். மழை பெய்திருந்தால் கட்டை அருகிலேயே காரை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், சித்தப்பா மகன் மோட்டாரில் வந்து ஒவ்வொருவராக ஏற்றிப் போவான். சேற்றில் புதைந்த காரை டிராக்டர் கட்டி இழுத்த செலவு எனக்குத்தான் தெரியும்.

எந்த மாதம் போனால் நல்லது?

டுரியானுக்காக என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் மரம் நம் விடுமுறையைப் பார்த்துக் காய்ப்பதில்லை, முன்பின் ஆகும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும், அப்போது காடே செம்பு நிறமாக இருக்கும். பால் குறைவு என்பதால் சித்தப்பா கொஞ்சம் ஓய்வாகவும் இருப்பார். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் இடியோடு மழை. தீபாவளி அந்தக் காலத்தில்தான் வருகிறது, என்ன செய்ய.

என்னைக் கேட்டால் மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு, கொட்டகை வாசலில் பொங்கல் வைக்கும்போது, பால் குடித்து வளர்ந்த பட்டணத்துப் பிள்ளைக்கு அது யார் கொடுத்த பால் என்று தெரியும். மாட்டுப் பொங்கலுக்குப் பொது விடுமுறை இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுங்கள்.

எந்த மாதமானாலும், போகும் முன் செம்பனைக் குலை வெட்டும் நாள் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அது வரும். அன்று வீட்டில் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள். வெட்டிய பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும், விலையும் குறையும். லோரி வருவதற்குள் குலையெல்லாம் சாலையோரம் வந்தாக வேண்டும்.

எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?

யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு நாள் என்பது நாம் எழுந்திருக்கும் நேரத்தில் பாதி முடிந்திருக்கும். இது புரியாததால்தான் பல பேருடைய வருகை மனக்கசப்பில் முடிகிறது. "நாங்க வந்திருக்கோம், சித்தப்பா எங்க போயிட்டாரு?" என்று காலை ஒன்பதுக்குக் கேட்டால், அவர் நாலு மணிநேரம் வேலை பார்த்துவிட்டுச் சற்றே முதுகு சாய்த்திருக்கிறார் என்று பதில் வரும்.

நாலே முக்காலுக்குச் சித்தி மாட்டுக் கொட்டகைக்குப் போவார். பன்னிரண்டு மாடு, அதில் பால் கறப்பது ஐந்தோ ஆறோ. நீங்கள் பார்க்கப் போகலாம், பேசாமல் நின்றால். புது ஆள் குரல் கேட்டு மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும், மடியில் பால் இருந்தும் இறங்காது. கைப்பேசி விளக்கு அடிக்காதீர்கள். ஆறரைக்குள் பாலைப் போத்தலில் ஊற்றிச் சித்தப்பா மகன் மோட்டாரில் கிளம்பிவிடுவான், டவுனில் இருபது வீடு காத்திருக்கும்.

அதே நேரத்தில் சித்தப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடையோரப் பால்மரங்களுக்குப் போவார். ஏன் இருட்டிலேயே என்று என் மகன் கேட்டான். இரவெல்லாம் மரம் நீர் ஏறி விம்மி இருக்கும், அப்போது பட்டையைக் கீறினால் பால் வேகமாக ஓடும். வெயில் ஏறினால் இலை நீரை இழுத்துவிடும், பால் சுரப்பு சோர்ந்துவிடும். மழை பெய்தால் வெட்டு கிடையாது. ஈரப் பட்டையில் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் வழிந்து மழையோடு போய்விடும். நாற்பது மரத்தில் வரும் காசு மோட்டாருக்குப் பெட்ரோல் போடக்கூடக் காணாது. மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலாகச் சேர்த்து வைத்து, சாக்கு நிறைந்ததும் விற்பார். "தாத்தா வச்ச மரம், வெட்டாம விட்டா கோவிச்சுக்கும்" என்பார்.

பத்து மணிக்குப் பசியாறல். நம் ஊரில் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டால் காலை உணவு முடிந்ததா என்று பொருள் என்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லி வையுங்கள். பிறகு புல் அறுப்பு. டவுன் தௌவு (சோயாக் கட்டி) ஆலையிலிருந்து சோயாச் சக்கை வரும், செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கோடு அதைக் கலந்து வைப்பார்கள். மதியம் தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி கறவை. ஆக, நிம்மதியாக உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் இரண்டு வேளைதான்: பதினொன்றிலிருந்து ஒன்று வரை, பிறகு இரவு எட்டுக்கு மேல் வாசல் திண்ணையில்.

என்ன வாங்கிக்கொண்டு போவது?

வாழைப்பழம் வாங்காதீர்கள். என் நாத்தனார் கிள்ளான் பாசாரில் ஒரு சீப்பு வாங்கிப் போய், வாசலிலேயே தொங்கிய மூன்று தாரைப் பார்த்து அதைக் காரிலேயே விட்டுவிட்டார்.

சித்தப்பாவுக்குத் தலைவிளக்குக்கு நல்ல பேட்டரி. சித்திக்குக் கோடாலித் தைலம், வாசிக்கும் கண்ணாடி. அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) மெல்ல முடிந்த இனிப்பு ஏதாவது. பெரிய பெட்டிகளும் ஐஸ் பெட்டி ஒன்றும் காலியாகக் கொண்டு போங்கள், திரும்பும்போது முருங்கை, கறிவேப்பிலை, தேங்காய், கம்பத்துக் கோழி என்று நிரப்பி அனுப்புவார்கள். ரயிலில் வந்தவர்கள் டுரியானுக்கு ஆசைப்படாதீர்கள், அங்கேயே தின்றுவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று. வழியில் மாட்டிறைச்சிப் பர்கர் வாங்கினால் வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அந்தப் பொட்டலத்தோடு கொட்டகை வாசலில் நின்ற உறவினர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார்.

பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் விளையாடலாமா?

செம்பனைக்குள் பெரியவர் இல்லாமல் கூடாது. ஒரு குலை சாதாரணமாக 15, 20 கிலோ இருக்கும். உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பில் அரிவாள் கட்டி வெட்டுவார்கள், ஓலை ஒரு பக்கம் விழும், குலை ஒரு பக்கம் விழும். வெட்டுபவர் மேலே பார்ப்பாரே தவிர உங்கள் பிள்ளையைப் பார்க்க மாட்டார். மட்டை அடியில் உள்ள முள் ஜப்பான் சிலிப்பரைத் துளைத்துக் காலில் ஏறும், மூடிய காலணி கொண்டு வாருங்கள்.

விழுந்து கிடக்கும் உதிரிப்பழத்தைப் பொறுக்கித் தந்தால் சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி. உதிரியில்தான் எண்ணெய் அதிகம்.

மரத்து மேல் பெட்டி ஒன்று கூரை போட்டு நிற்கும், அது ஆந்தைக்கு. எலிதான் செம்பனைப் பழத்தின் எதிரி, அதைப் பிடிக்கக் கூகையை வீடு கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள். ஆந்தை அலறினால் அபசகுனம் என்று வளர்ந்த அப்பாயிக்கு இது முதலில் பிடிக்கவே இல்லை. இப்போது "ராத்திரி காவல்காரன் வந்துட்டான்" என்கிறார்.

பால்மரக் காய் வெடித்து விழுந்த விதையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். சிமெண்ட் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்திலிருப்பவர் கையில் வைக்கும் விளையாட்டு நீங்கள் சொல்லித் தராமலே வந்துவிடும்.

கேட்டைத் திறந்தால் மூட வேண்டும். இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காரிலேயே மனப்பாடம் செய்யவையுங்கள். மூன்று வருடம் முன்னால் என் மகன் ஆட்டுப் பட்டிக் கதவைத் திறந்துவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டான். அரைமணி நேரத்தில் பக்கத்து நிலத்துச் சீனப் பாட்டியின் பயற்றங்காய்ப் பந்தல் முழுவதும் மொட்டை. சித்தப்பா ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் மகனைத் திட்டவில்லை. அதனால்தான் அவன் இன்னும் மறக்கவில்லை.

பாம்பு இருக்குமா?

இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். மட்டை அடுக்கிய வரிசையில் கை விடாதீர்கள், இரவில் விளக்கில்லாமல் வெளியே போகாதீர்கள். இங்குள்ள கருநாகம் கண்ணைப் பார்த்து விஷம் துப்பும், பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும். கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் கட்டுப் போட்டு இறுக்குவதும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனை, அல்லது 999. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பதும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

தங்கும் வசதி?

பாய், மின்விசிறி, கொசுவலை. தொட்டித் தண்ணீரில் குளியல், வெந்நீர் கேட்டால் அடுப்பில் வைத்துத் தருவார்கள், ஆனால் கேட்காதீர்கள். கைப்பேசிச் சமிக்ஞை கிணற்றடியில் கிடைக்கும்.

தாத்தா இருந்த பழைய லயத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது. அது இல்லை.

தாத்தா இருந்த லயம் பத்து வீடு ஒரே கூரையில். முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், சற்றுத் தள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மேட்டில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீடு. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வேலைக்கு முன்போல் ஆள் தேவைப்படவில்லை. குடும்பங்கள் டவுனுக்கும் பட்டணத்துக்கும் போயின. இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் வங்காளதேசத்தவர்களும் இந்தோனேசியர்களும். லயம் இருந்த இடத்தில் 20 வயதுச் செம்பனை நிற்கிறது. மிஞ்சியது மாரியம்மன் கோயிலும், அதன் பின்னால் முனியாண்டி அரசமரமும். ஆடித் திருவிழாவுக்கு மட்டும் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் வந்து நிறைவார்கள், பழைய நிரைப்படி நிற்பதுபோல் பழைய லயத்து வீட்டு எண்ணைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள். "நீ ஏழாம் நம்பர் வீட்டுப் பொண்ணுல்ல?" என்று என்னை இன்றும் கேட்பவர் உண்டு. நான் அந்த வீட்டில் பிறக்கவே இல்லை.

சித்தியிடம் கேளுங்கள், கேட்டால் சொல்வார். 1981க்கு முன்னால் செம்பனைக்குச் சரியாக மகரந்தம் சேர்க்க மலேசியாவில் நல்ல பூச்சி கிடையாது. பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பூவில் மகரந்தத் தூளைக் கையால் ஊதிச் சேர்த்தார்கள். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேலைக்குப் போனவர். பிறகு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே மறைந்துவிட்டது. ஆண் பூவை உலுக்கி, உள்ளங்கையில் ஓடும் வண்டைக் காட்டி, "என் வேலையப் புடுங்குனவன் இவந்தான்" என்பார். சொல்லும்போது சிரிப்பார்தான்.

அவர்களுக்கு மட்டும் எப்படி நிலம் கிடைத்தது?

இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அப்பாயி அதைக் கம்பி வேலியும் அரிசி அளவும் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்.

அந்த ஐம்பதுகளிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளி நடுத்தெருவில் நின்றான். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது அதற்கான பதில். என் தாத்தா வேறு வழியில் போனார். துண்டு போட்டு விற்றதில் ஓரமாகக் கிடந்த, ஓடை ஏறும் நாலு ஏக்கரை, சேமிப்பையும் அப்பாயியின் தாலிக்கொடியையும் போட்டு வாங்கினார். தாத்தா இருந்தவரை அப்பாயி கழுத்தில் மஞ்சள் கயிறுதான், சங்கிலி வாங்கித் தரவில்லை என்று இப்போதும் குறை சொல்வார்.

எதைக் கேட்கக் கூடாது?

"இத வித்துட்டு டவுன்ல வீடு வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாமே?"

அக்கறையாகத்தான் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். சித்தப்பா பதில் சொல்லவில்லை, எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவருடைய மகன் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான்: "அக்கா, வர்ற எல்லாரும் கேக்குறாங்க. டுரியான் சாப்பிட்டுட்டே கேக்குறாங்க."

செலவுக்குப் பணம் கொடுக்கலாமா?

சித்தப்பா கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். சித்தியிடம் கொடுத்தால் அது நீங்கள் கிளம்பும்போது கோழியாகவும் முட்டையாகவும் திரும்பும். அப்பாயி கையில் அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறையில் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கொடுங்கள். அதை யாரும் திருப்பித் தர முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கும் தனித்தனி உறை.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

டவுனில் மகாத்மா காந்தி கலாசாலை, சம்பந்தன் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி. லாசா சாலையில் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் விற்கும் பெத்தாய்க் காய். அரைமணிப் பயணத்தில் கோலகங்சார், அங்கே 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று வேலி போட்டு இன்னும் நிற்கிறது. சித்தப்பாவை அங்கே கூட்டிப் போனோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டையக் காயப்படுத்தி வெட்டியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

இரண்டரைக்கு முன்னால். மூன்று மணிக் கறவை தொடங்கிவிட்டால், "இருங்க, பால் கறந்து தர்றேன்" என்று சித்தி சொல்வார், நாலரை ஆகிவிடும், ஈப்போவில் மழையில் மாட்டுவீர்கள். எப்படியும் பால் வரும். பச்சைப் பால், வீட்டுக்குப் போய் நன்றாகக் காய்ச்சியே குடியுங்கள். கண்ணாடிப் போத்தலை அடுத்த முறை கழுவி எடுத்து வர வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஆறு போத்தல் கிடக்கிறது, சித்தி கணக்கு வைத்திருக்கிறார்.